திண்ணை தந்த பாட்டிக்கும் எங்கள் தெருவுக்கும்

எங்கள் தெரு மக்களுக்கு வணக்கம்.

பி.எட். படிக்க வேலூர் கிளம்புகிறேன். வீடு வீடாக வந்து சொல்லிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

2022 பிப்ரவரியில், பள்ளி நேரம் முடிந்து மாலையில் பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக எனக்கு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 20 பிள்ளைகளைக் கொடுத்தார்கள். கொரோனாவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த பள்ளி மறுபடி திறந்திருந்த நேரம் அது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-இல் 27 போனால் 35 என்று எழுதினான். கடன் வாங்கிக் கழிப்பதே மறந்துபோயிருந்தது. அவன் அம்மா ஷூ கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க ஏழரை ஆகும். யாரிடம் போய்க் கேட்பான்?

மாலை ஐந்து முதல் ஏழு வரை வகுப்பு, ஆனால் இடம் இல்லை. "திண்ணை சும்மாதானே கெடக்கு, உக்காருங்க" என்றார் மூன்றாவது வீட்டுப் பாட்டி. இடம் மட்டுமா தந்தார்? ஒரு நாள் பின்னப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று ஏன் வருகிறது என்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தும் ஒருவருக்கும் ஏறவில்லை. புளி ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிராமலே, "கால்ல பாதி அரைக்கால். அதுல பாதி மாகாணி. இதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். கணிதத்தில் பி.எஸ்சி. முடித்த நான் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் புளியங்கொட்டையை வைத்துத்தான் பின்னமெல்லாம் நடந்தது.

திண்ணைக்கு ஒயர் இழுத்து பல்பு போட்டுக்கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும், பழைய கரும்பலகையைத் தந்த தலைமை ஆசிரியருக்கும் நன்றி. ஆறரை மணி சீரியலின் சத்தத்தைக் குறைத்த எதிர்வீட்டு அத்தைக்குத் தனி நன்றி. அது சின்னத் தியாகம் இல்லை.

மதியம் சாப்பிட்ட சத்துணவு ஐந்து மணி வரை தாங்காது. கண் செருகும் பிள்ளையிடம் என்ன பாடம் நடத்த? அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வாரம் இரண்டு நாள் கொண்டைக்கடலை கொடுத்தனுப்பினார் கடைக்கார அண்ணாச்சி. எனக்கு அப்போது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. அதில் பாதி நோட்டுக்கும் சாக்பீஸுக்கும் போனதை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள், ஆனால் சுண்டல் தாளித்துக் கொடுத்ததும் அவள்தான்.

வகுப்பு முடிந்து காலனிப் பிள்ளைகள் இருட்டில் போக வேண்டும். சவாரியை விட்டுவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்ட ஆட்டோ அண்ணா, பைசா வாங்கியதில்லை. நீங்கள் இல்லாவிட்டால் அந்த ஐந்து பெண் பிள்ளைகளை அனுப்பியிருக்கவே மாட்டார்கள். மழைக்காலத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் நான்கு நாள் வகுப்பை நிறுத்திவிட்டு உங்களைக் காக்கவைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பாட்டி, பையன்கள் திண்ணைச் சுவரில் கரியால் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தெருப் பிள்ளைகளின் டியூஷன் அக்கா