மடக்கும் பியானோ கீபோர்டு: விளம்பர விவரம் ஒன்று, வந்த பொருள் வேறொன்று

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
மடக்கும் கீபோர்டு விற்பனை நிறுவனம்.

பொருள்: 88 கட்டை மடக்கும் கீபோர்டு விளம்பரத்தில் கண்ட தன்மைகளோடு இல்லாமை, பணத்தைத் திருப்பித் தர மறுத்தமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக ஆர்டர் செய்து, 8,990 ரூபாய் செலுத்தி, என் மகளுக்காக மடக்கும் பியானோ கீபோர்டு ஒன்றை வாங்கினேன். கருவி கைக்கு வந்த வாரத்திலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டு எழுதியதற்கு, "பொருளில் பழுது ஏதும் இல்லை" என்று பதில் அனுப்பித் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு என் புகாரை முடித்துவிட்டது. கருவி பழுதாகிவிட்டது என்று நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எந்த மூன்று தன்மைகளை எழுதி இந்தக் கருவியை விற்றீர்களோ அவற்றில் இரண்டு அதில் இல்லை என்பதுதான் என் புகார். அதற்கு இன்றுவரை பதில் வராததால், இதை நேராகத் தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்.

இந்தக் கருவியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சந்துக்குள் இருக்கும் ஒரு மாடிப் போர்ஷன். முழு அளவு பியானோவின் கட்டை வரிசை மட்டுமே ஏறக்குறைய 122 செ.மீ. நீளம் வரும், அதை ஸ்டாண்டில் நிரந்தரமாக நிறுத்துவதென்றால் வீட்டிலிருந்து பீரோவை வெளியேற்ற வேண்டும். மகள் பெரம்பூரில் ஓர் ஆசிரியையிடம் கிரேடு தேர்வுக்காகப் பியானோ கற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் வாசிக்கிறாள். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடிய, வீட்டில் கட்டிலுக்கடியில் தள்ளிவிடக்கூடிய கருவியே எங்களுக்குத் தேவைப்பட்டது. அண்ணா சாலையில் 1842 முதல் இருந்துவரும் மியூசி மியூசிக்கல் கடையில் டிஜிட்டல் பியானோக்களை அவள் வாசித்துப் பார்த்திருக்கிறாள். அவற்றின் விலையும் எடையும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. காசியோவின் சிடி-எஸ்300 போன்ற 61 கட்டைக் கீபோர்டு ஒன்றையும் கவனத்தில் வைத்திருந்தோம். அதில் அழுத்தும் விதத்துக்கேற்ப ஒலி மாறும், எடையும் 3.3 கிலோதான். ஆனால் மேல் கிரேடுகளில் இடது கைக்கு வரும் கீழ் ஸ்வரங்களுக்கு 61 கட்டைகள் போதாது என்று ஆசிரியை சொன்னதால் அதை விட்டுவிட்டோம்.

அந்த நிலையில்தான் தங்கள் பக்கத்தில் "88 முழு அளவுக் கட்டைகள், டச் ரெஸ்பான்ஸ், சஸ்டெயின் பெடலுடன்" என்ற வரியைப் படித்தேன். டச் ரெஸ்பான்ஸ் என்பது கட்டையை அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைவது; சஸ்டெயின் பெடல் என்பது கட்டையிலிருந்து விரலை எடுத்தபின்னும் ஒலியை நீடிக்க வைக்கும் மிதி. கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை அடிக்கும் பியானோவின் அமைப்பை மடக்கும் கருவியில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். எடை கூட்டிய கட்டைகள் வைத்தால் கருவி பத்து கிலோவைத் தாண்டிவிடும், அப்புறம் அதை மடக்கி என்ன பயன்? ஸ்பீக்கரிலிருந்து பெரிய ஒலியையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்துப் பழக, சரியான அகலத்தில் கட்டைகளும், விரலின் வேகத்தை உணரும் தன்மையும், ஒரு பெடலும் போதும் என்று முடிவு செய்தோம். இம்மூன்றையும் ஒரே வரியில் தாங்களே உறுதியளித்திருந்தீர்கள். பெடலைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. அது சரியாகவே வேலை செய்கிறது.

டச் ரெஸ்பான்ஸ் என்பது அலங்காரமாகச் சேர்க்கும் வசதி அன்று. ஹார்மோனியத்தில் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவைத் துருத்திதான் தீர்மானிக்கிறது. பியானோவில் அந்த வேலையை விரலே செய்ய வேண்டும். இதை மின்கருவியில் கொண்டுவர, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் அடுத்தடுத்து மூடும் இரண்டு தொடுமுனைகளை வைக்கிறார்கள். முதல் முனைக்கும் இரண்டாம் முனைக்கும் இடையே கழியும் நேரத்தை அளந்து, நேரம் குறைந்தால் ஒலியைக் கூட்டியும், நேரம் கூடினால் ஒலியைக் குறைத்தும் கருவி வெளியிடுகிறது. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் மிடி முறையில் இந்த வேகம் 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகப் பதிவாகும். தங்கள் கருவியை யூஎஸ்பி வயர் மூலம் போனில் இணைத்து, இந்த எண்ணைத் திரையில் காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே கட்டையை மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஓங்கியும் அழுத்திப் பார்த்தோம். திரையில் 40, 80, 120 என்ற மூன்று எண்களே மாறிமாறி வந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட எண் ஒன்றுகூட எந்தக் கட்டையிலும் தோன்றவில்லை. இதைக் காட்டும் காணொளியை முந்தைய மின்னஞ்சலிலேயே இணைத்திருக்கிறேன்.

இதன் விளைவு காதில் தெளிவாகக் கேட்கிறது. ஒலியை மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டிய இடத்தில், மகள் எவ்வளவு கவனமாக விரலை வைத்தாலும், ஒலி ஒரே மட்டத்தில் நின்று, திடீரென்று அடுத்த மட்டத்துக்குத் தாவுகிறது. ஆசிரியை இரண்டு வரி வாசித்துவிட்டு, இதில் பழகினால் தேர்வு அறையில் உண்மையான பியானோவின் முன் விரல் பேசாது என்று சொல்லிவிட்டார். மூன்று மட்டங்கள் இருப்பதும் டச் ரெஸ்பான்ஸ்தானே என்று தங்கள் தரப்பில் வாதிடலாம். அப்படியானால் "மூன்று நிலை" என்று விளம்பரத்தில் எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்திருந்தால் நான் இதை வாங்கியிருக்கவே மாட்டேன்.

அடுத்தது கட்டைகளின் அளவு. பியானோவின் வெள்ளைக் கட்டை ஒன்றின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ.; ஏழு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்த ஒரு ஆக்டேவ் 16.5 செ.மீ. அளவுக்கு வரும். தங்கள் கருவியில் ஸ்கேல் வைத்து அளந்தால் கட்டை 21 மி.மீ. மட்டுமே இருக்கிறது, ஆக்டேவ் 15 செ.மீ.யைத் தொடவில்லை. கட்டைக்கு இரண்டரை மி.மீ. என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், ஒரு ஆக்டேவில் அது ஏறக்குறைய முக்கால் கட்டையின் அளவாகிவிடுகிறது. இதில் கை விரித்துப் பழகிய குழந்தை, ஆசிரியை வீட்டுப் பியானோவில் மேல் சி-க்குத் தாவினால் அதன் பக்கத்துக் கட்டையில் போய் விழுகிறாள். இந்த அளவுக் கட்டைகளை "முழு அளவு" என்று எழுதியது எந்த அளவுகோலின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மடிப்பு இருக்கும் இடத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனெனில் தங்கள் வடிவமைப்பாளர்கள் அதை யோசித்துப் பார்த்தார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு. 52 வெள்ளையும் 36 கறுப்புமாக உள்ள 88 கட்டைகளைச் சரிபாதியாக நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கு எனப் பிரித்தால், வெட்டு விழும் இடம் நடு சி-க்குச் சற்று மேலே, ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் அமைகிறது. பியானோ கற்கத் தொடங்கும் எந்தக் குழந்தையும் வலது கையின் ஐந்து விரல்களை முதல் நாள் வைப்பது சி, டி, ஈ, எஃப், ஜி என்ற அந்த ஐந்து கட்டைகளின் மேல்தான். அதாவது நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் தங்கள் கீல் வருகிறது. அங்கே மற்ற கட்டைகளுக்கு இடையில் இருப்பதைவிடக் கூடுதலாக 4 மி.மீ. இடைவெளி இருக்கிறது. விரித்தபின் இரு பாதிகளும் ஒரே மட்டத்தில் நிற்பதும் இல்லை. வலப்பக்கம் சற்றே தூக்கி நிற்பதால் விரலை இழுத்து வாசிக்கும்போது நகம் விளிம்பில் தட்டுகிறது. கீலை ஒட்டிய ஈ கட்டை சில நேரங்களில் ஒரு முறை அழுத்தினால் இரு முறை ஒலிக்கிறது. தங்கள் பக்கத்தில் உள்ள படங்கள் அனைத்தும் மேலிருந்தோ இடப்பக்கத்திலிருந்தோ எடுக்கப்பட்டவை. அவற்றில் இந்த இடைவெளியோ ஏற்றத்தாழ்வோ தெரியாது. காணொளியில் வாசிப்பவர் நன்றாகவே வாசிக்கிறார், ஆனால் அதில் கேட்கும் ஏற்ற இறக்கமான ஒலியை இந்தக் கருவியிலிருந்து எப்படி வரவழைத்தார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

பேட்டரி விளம்பரத்தில் சொன்ன நேரத்துக்கு நிற்பதில்லை. பெடலை அழுத்திக்கொண்டு வேகமாக மேலேறி வாசித்தால் முதலில் வாசித்த ஸ்வரங்கள் பாதியில் அறுந்துபோகின்றன, 128 ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் என்று எழுதிய கருவியில் இது நடக்கக் கூடாது. இவை இரண்டையும் பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன். இவை மட்டும் இருந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

தங்கள் சேவைப் பிரிவினர் முதலில் கருவியை ரீசெட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பிறகு செயலியை அப்டேட் செய்யச் சொன்னார்கள்; கட்டையின் அகலம் அப்டேட்டில் கூடாது என்று எழுதினேன். அடுத்து, பெட்டியைத் திறந்த பொருளுக்கு மாற்றுப் பொருள் மட்டுமே தர முடியும், பணம் தர இயலாது என்றார்கள். இதே வடிவமைப்பில் வரும் இன்னொரு கருவியும் இதே அகலத்தில், இதே மூன்று மட்டங்களோடுதான் வரும். பெட்டியைத் திறக்காமல் கட்டையை அளப்பது எப்படி என்ற என் கேள்விக்கும் பதில் வரவில்லை.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ அதற்கான பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. பொருள் பழுதாக இருக்க வேண்டும் என்பது அங்கே ஒரே நிபந்தனையும் அன்று; விளம்பரத்துக்கு மாறான தன்மை தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே குறிப்பிடுகிறது. குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் மேற்சொன்ன விதிகளில் உள்ளது.

எனவே, நான் செலுத்திய 8,990 ரூபாயை முழுமையாக என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தவும், கருவியைத் தங்கள் செலவில் எடுத்துச் செல்லவும், தங்கள் பக்கத்தில் உள்ள "முழு அளவுக் கட்டைகள்", "டச் ரெஸ்பான்ஸ்" ஆகிய விவரங்களைத் திருத்தவும் கேட்டுக்கொள்கிறேன். பணத்துக்குப் பதிலாகத் தள்ளுபடிக் கூப்பனோ வேறு மாடலோ எனக்கு வேண்டாம். மேற்கண்ட காலத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு அளிப்பேன். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யச் சட்டம் இடம் தருவதாலும், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை என்பதாலும் அதில் எனக்குச் சிரமம் இல்லை.

கருவியும் பெடலும் சார்ஜர் வயரும் பையும் தாங்கள் அனுப்பிய அதே அட்டைப்பெட்டியில் கட்டி வைக்கப்பட்டுள்ளன. எங்கள் சந்துக்குள் வேன் வராது. எடுக்க வருபவர் இருசக்கர வாகனத்தில் வந்தால் நல்லது, அல்லது தெருமுனையிலிருந்து போன் செய்தால் நானே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ரசீது பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடிக்கையாளர்.