தேருக்கு வர வேண்டாம், ராசா

பூம்பாறை
ஞாயிறு இரவு

ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் பண்ணினால் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவான். அவன் படிக்க மாட்டான், நல்ல பிள்ளை.

மேலக்காட்டில் காட்டுமாடு இறங்கிக் கேரட்டை மிதித்துவிட்டது. பூண்டு பரவாயில்லை, பங்குனியில் பிடுங்கலாம். பனி இன்னும் விடவில்லை. வேறு விசேஷம் இல்லை.

நீ வண்டியிலிருந்து விழுந்ததும், தொடை எலும்பில் ராடு வைத்ததும் எனக்குச் சம்பந்தியம்மா சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அதுவும் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். அம்மா பயப்படுவாள் என்று மறைத்தாயாம். யாரிடமும் பத்து ரூபாய் கேட்காமல் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நீயே பார்த்துக்கொண்டாய் என்றும் அவர்தான் சொன்னார். அதைக் கேட்டபோது மனது குளிர்ந்தது. உன் அப்பாவுக்கும் அந்த ரோஷம் உண்டு. ஆனால் பெற்றவளிடம் மறைப்பதில் என்ன ரோஷம்?

இன்று பன்னிரண்டாம் நாள். சத்துணவுக் கணக்கு எழுதிய கை, நாட்களையும் எண்ணி எழுதிக்கொண்டே வருகிறது. தையல் பிரித்தாயிற்று, வலி குறைந்துவிட்டது, இனி என்ன என்று நீ நினைப்பாய். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை "போதும், குத்திக் குத்தி நீலம் பாய்ந்துவிட்டது" என்று மருமகளிடம் சொன்னாயாமே. அதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை.

திண்டுக்கல்லில் நர்ஸாக இருக்கிறாளே மாமா மகள், அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆபரேஷன் என்றால் ரத்தம் போகும். அதை நிறுத்த உடம்பு ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கத் தயாராகிவிடுமாம். காயம் ஆறினாலும் அந்தத் தயார்நிலை பல வாரம் இறங்காது. அதோடு படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் மெதுவாக ஓடும், ஓடாத வாய்க்காலில் வண்டல் தங்குவது போல. கெண்டைக்காலிலோ தொடையிலோ உள்ளே ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில் கட்டி உண்டாகும். அதில் ஒரு துண்டு பிய்ந்தால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். உன்னைப் போலத் தொடையோ, இல்லை இடுப்போ உடைந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது அதிகம்.

இங்கிலாந்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நடுவயதுப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் தங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, செய்துகொள்ளாதவர்களைவிட, முதல் ஆறு வாரத்தில் இந்த ரத்தக்கட்டி வர 70 மடங்கு வாய்ப்பு இருந்ததாம். உச்சம் எப்போது தெரியுமா? மூன்றாவது வாரம். ஆஸ்பத்திரியை விட்டு வந்து, விசாரிக்க வருகிறவர்களும் நின்றுபோய், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற வாரம். பன்னிரண்டு வாரம் வரையிலும் அந்த ஆபத்து முழுதாகத் தீரவில்லையாம். அது பொம்பளைகளைப் பற்றியது, எனக்கில்லை என்று சொல்லாதே. உன் அப்பாவுக்கு அது ஆபரேஷன் ஆன பத்தொன்பதாம் நாள்.

அதனால் ஊசியோ மாத்திரையோ, டாக்டர் எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாளும் போடு. இடுப்பு ஆபரேஷனுக்கு 35 நாள் வரைகூடக் கொடுப்பார்களாம். நீலம் பாய்ந்தால் பாயட்டும், ஊசி போடுகிற இடத்தை மாற்றிக்கொள். மூக்கில் ரத்தம் வந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ உடனே டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்தாதே. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நட. உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இரு. தண்ணீர் குடி. ஊசியை நிறுத்தாதே.

ஆபரேஷன் செய்த கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும், பயமே அதில்தான் இருக்கிறது, எது எந்த வீக்கம் என்று நமக்குத் தெரியாது. நாளுக்கு நாள் வற்றாமல் ஏறினாலோ, கெண்டைக்காலைத் தொட்டால் வலித்தாலோ, சூடாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டு. தைலம் போட்டுத் தேய்க்காதே. மருமகள் ஆசையாகப் பிடித்துவிட வந்தாலும் வேண்டாம் என்று சொல். கால் வீங்காமலேயேகூட நுரையீரலுக்குப் போகுமாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கமாக வந்தாலோ, மணி என்ன என்று பார்க்காதே. 108-ஐக் கூப்பிடு. சமீபத்தில் ஆபரேஷன் ஆனது என்பதை முதலில் சொல். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பேனா ஓடவில்லை.

அப்பாவுக்கு ஊசியைப் பத்து நாளில் நிறுத்தியது உனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியத்தில் சித்தப்பா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பூண்டு விற்ற காசு தீர்ந்திருந்தது, அதுவும் உனக்குத் தெரியும். ஆனால் நீ ஹாஸ்டலில் இருந்து வந்து நின்று "எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டபோது, "விடிகாலையில்தான், திடீர்னு" என்று சொன்னேன். அது பொய், ராசா.

முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே அவர் சொன்னார், விலாவில் குத்துகிறது, மூச்சு இழுக்க முடியவில்லை என்று. உருளைக்கிழங்கு சாப்பிட்ட வாயு என்று நினைத்தேன். நம் வீட்டில் எதற்குமே பூண்டுதானே மருந்து. பூண்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு இடது கால் வீங்கியபோது இந்தக் கையால்தான் தைலம் போட்டு உருவிவிட்டேன். இரண்டு மணிக்கு, அந்தக் குளிரில், அவருக்கு வேர்த்தது. 108 இருந்தது. எதிர்வீட்டில் ஜீப் இருந்தது. நடுராத்திரியில் வாயுவுக்காக ஊரை எழுப்பினால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குக் கக்கூசுக்கு எழுந்தவர் வாசல்படியில் விழுந்தார். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சில சமயம் முதலில் சின்னதாக ஒரு கட்டி போய் எச்சரிக்கும், அப்புறம் பெரியது போகலாம் என்று மாமா மகள் இப்போது சொல்கிறாள். அந்த எட்டு மணி நேரமும் எனக்குக் கொடுத்த எச்சரிக்கைதான். அன்றிரவே கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

பதினொரு வருஷமாக நீ ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறாய். உனக்குத் தெரிந்துதான் எழுந்து போகிறாயா, தெரியாமலா என்று நானும் கேட்டதில்லை.

சரி. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறித் தேருக்கு வருவதாக மருமகள் சொன்னாள். வராதே. தாம்பரத்திலிருந்து ராத்திரி முழுக்க காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, அதுவும் சரியாக மூன்றாவது வாரத்தில். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போவதே கட்டி உண்டாக ஒரு காரணமாம். குழந்தை வேலப்பர் உன்னைக் கோபிக்க மாட்டார்.

நான் வருகிறேன். எனக்கு நினைவு தெரிந்து ஒரு தேரும் தவறியதில்லை, இந்த வருஷம் தவறட்டும். வெள்ளிக்கிழமை கொடைக்கானலிலிருந்து பஸ் ஏறுகிறேன். இரண்டு கிலோ பூண்டு எடுத்து வருவேன், குழம்புக்கு மட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறபோது பூண்டை மருந்து போல நிறையச் சாப்பிடக் கூடாதாம், அதையும் கேட்டுவிட்டேன். நேரில் என்ன கேட்க வேண்டுமோ கேள், கோபப்பட வேண்டுமானாலும் படு. ஆனால் அதுவரை ஊசியை நிறுத்தாதே.

சனிக்கிழமை காலையில் வந்து பெல் அடிப்பேன். அவளை அனுப்பாதே. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நீயே மெதுவாக நடந்து வந்து கதவைத் திற. எவ்வளவு நேரமானாலும் நான் வெளியே நிற்கிறேன்.

அம்மா