அழுதால் சபுர் (பொறுமை) குறைந்துவிடுமா?

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மேலப்பாளையத்தில் எல்லாரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். உம்மாவுக்கு மூட்டுவலி கூடிப்போய் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார்கள், ஆனால் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். உன் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இலை வெட்டிக்கொண்டே கேட்டவர்கள், இறந்துபோன உன் மகன் பேர் வந்த இடத்தில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள். “அவன் நல்லா அழட்டும், ஆரும் தடுக்காதிய” என்றார்கள். நானும் அதைத்தான் எழுத நினைத்தேன்.

மகனை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போதே “அழாதே, சபுர் செய், ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிடும்” என்று உன்னிடம் சொன்னார்களாமே. மச்சான், யாகூப் நபியை விடவா நமக்கு ஈமான்? மகன் யூசுபைப் பிரிந்த துக்கத்தில் அவர்கள் கண்களே வெளுத்துப்போயின என்று சூரா யூசுபில் அல்லாஹ்வே சொல்கிறான். பிள்ளைகள் வந்து, இப்படியே அவனை நினைத்து உருகிச் சாகப்போகிறீர்களா என்று கேட்டபோது, “என் துக்கத்தையும் கவலையையும் நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன்” என்றார்கள். அழகிய பொறுமை என்று சொன்ன அதே வாய்தான் இப்படியும் சொன்னது. நம் நபி ரசூலுல்லாஹ் (ஸல்) தங்கள் மகன் இப்ராஹீம் உயிர் பிரியும்போது அழுதார்கள், அதுவும் இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை. நீங்களுமா என்று ஒரு தோழர் ஆச்சரியப்பட்டுக் கேட்க, இது இரக்கம் என்றார்கள். கண் அழுகிறது, மனம் வருந்துகிறது, ஆனாலும் நம் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டோம் என்றார்கள். அவர்கள் தடுத்தது கன்னத்தில் அறைந்துகொண்டு, சட்டையைக் கிழித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதை. ராத்திரி தலையணை நனைகிறது என்று எழுதியிருந்தாயே, அதை யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குடும்பத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று யாரோ உன் காதுபடவே பேசினார்களாம். இப்ராஹீம் மவுத்தான அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. நபி மகன் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சு தனக்குப் பெருமை என்று விட்டிருப்பார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த வேளையிலும் அவர்கள், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிக்காது என்று திருத்தினார்கள். சொந்தப் பிள்ளையின் மவுத்துக்கே அப்படி ஒரு அர்த்தம் கட்ட அவர்கள் விடவில்லை என்றால், இருபது வயதுப் பையன் காய்ச்சலில் போனதற்குக் காரணம் சொல்ல இவர்கள் யார்?

2023 டிசம்பர் வெள்ளத்திலும் இதே பேச்சு கிளம்பியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, என் ராத்தா (அக்கா) வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், மாடியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். எதற்காக இந்தச் சோதனை என்று போனில் எனக்குத் தத்துவம் பேசியவர்கள் நிறையப் பேர். ராத்தா இன்றைக்கும் பேர் சொல்லி துஆ செய்வது, கழுத்தளவு தண்ணீரில் தலைமேல் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பையன்களுக்குத்தான்.

ஏன் உன் பிள்ளை, ஏன் இப்போது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது மச்சான். சூரா கஹ்பில் மூஸா நபியே, தங்களோடு பயணம் வந்த ஹிள்ர் (அலை) செய்தது ஏன் என்று பொறுக்க முடியாமல் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். ஹிள்ர் (அலை) காரணத்தை விளக்கினார்கள் என்றால் அல்லாஹ் அவர்களுக்கு அறிவித்துக் கொடுத்திருந்தான், நமக்கு அந்த அறிவைக் கொடுக்கவில்லை. நமக்குக் கொடுத்திருப்பது “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்”. பிள்ளை அவனுடையவன், நாமும் அவனுடையவர்கள், அவனிடமே போகப்போகிறோம். என் வாப்பா மவுத்தான வருசம் நானும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வலி போகவில்லை, ஆனால் வலியோடு எங்கே போய் நிற்பது என்று தெரிந்தது. தொழுகையில் தலையைத் தரையில் வைக்கும் சுஜூதில் போய் அழு. திட்டமாக எதுவும் கேட்கத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டில் தங்கச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். முஅத்தா போரில் தங்கள் உறவினர் ஜஃபர் ஷஹீதான செய்தி வந்ததும் ரசூலுல்லாஹ், ஜஃபர் வீட்டாருக்குச் சமைத்துக் கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் நானும் வீட்டுக்காரியும் கடையநல்லூர் வருகிறோம். இடியாப்பமும் கறியாணமும் இங்கிருந்தே கொண்டுவருகிறோம், தங்கச்சியை அடுப்படிப் பக்கம் விடாதே. மகன் வண்டியை விற்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய், அதை வந்து பேசிக்கொள்ளலாம், அதுவரை யார் வந்து விலை கேட்டாலும் பதில் சொல்லாதே.

உம்மா உனக்கும் தங்கச்சிக்கும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். வஸ்ஸலாம்.