கோயாசானுக்கு யோகா பாயைச் சுமந்துபோக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘யோகமும் ஜப்பானியச் சடங்குகளும்’ என்ற பெயரில் குழுப் பயண விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒரே அச்சு. கியோத்தோவில் தேநீர்ச் சடங்கு, ஏதாவது ஒரு வெந்நீர் ஊற்று, கோயாசான் மலைக்கோயிலில் ஓர் இரவு. அந்த ஓர் இரவுக்கு மறுநாள் காலை 6 மணிக்கு ‘மலை உச்சியில் சூரிய நமஸ்காரம்’ என்றும் போட்டிருப்பார்கள். தங்கும் கோயில்கள் பெரும்பாலானவற்றில் காலை வழிபாடு 6 மணிக்கோ 6.30-க்கோதான் தொடங்குகிறது. எதற்காக அந்த மலைக்குப் போகிறார்களோ, அது உள்ளே நடக்கும்போது குழு வெளியே குளிரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு பிழையைத் திருத்தினாலே பயணம் பாதி தேறிவிடும். மீதிப் பாதிக்குச் சில விவரங்கள் எழுதுகிறோம்.

கோயாசான், ஒசாகாவுக்குத் தெற்கே வகயாமா மாநிலத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோபோ தாய்ஷி என்று வணங்கப்படும் கூகாய் (774–835), 816-இல் பேரரசரிடம் அனுமதி பெற்று அங்கே ஷிங்கோன் என்ற தாந்திரிக பௌத்தப் பிரிவுக்கு இடம் அமைத்தார். இன்று 117 கோயில்கள். அவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்டவை யாத்திரிகர்களைத் தங்கவைக்கின்றன. இப்படித் தங்கவைக்கும் கோயிலை ஷுகுபோ என்பார்கள்.

யோகம் கற்றவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த மலைக்கு யோகத்தை நாம் எடுத்துச்செல்லத் தேவையில்லை என்பது. தலைமைக் கோயிலான கொங்கோபுஜியின் பெயரே, தலைப்பில் யோகம் என்ற சொல்லைத் தாங்கிய ஒரு தாந்திரிக நூலிலிருந்து எடுத்ததுதான். ஜப்பானிய உச்சரிப்பில் அது ‘யுகா’. முத்திரையால் உடலையும், மந்திரத்தால் வாக்கையும், தியானத்தால் மனத்தையும் ஒன்றாக்குவது ஷிங்கோனின் அடிப்படை. திரிகரணம் என்று நாம் சொல்வதேதான். இந்த மரபு போன வழியிலும் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனா சென்ற வஜ்ரபோதிக்கும் பல்லவ அரசவைக்கும் தொடர்பு இருந்ததாகச் சீன வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அவர் மாணவர் அமோகவஜ்ரர். அவர் மாணவர் ஹுய்குவோ. 804-இல் சீனா சென்ற கூகாய் தீட்சை பெற்றது இந்த ஹுய்குவோவிடம்தான்.

அங்கே பயில வேண்டிய தியானத்துக்கு அஜிகன் என்று பெயர். ‘அ’ என்ற எழுத்தைக் காண்பது என்பது பொருள். சுவரில் ஒரு திரைச்சீலை தொங்கும். அதில் வெண்ணிற நிலவு வட்டம், தாமரை, சித்தம் வரிவடிவில் ஓர் அகரம். சித்தம் பிராமியிலிருந்து கிளைத்த எழுத்து. நம் எழுத்துக்கும் பிராமிதான் மூதாதை. இங்கே ‘அ’ என்பது பிறவாதது, தொடக்கமற்றது என்பதைக் குறிக்கிறது.

உள்ளே நுழைந்ததும் சிட்டிகை நறுமணப் பொடியை உள்ளங்கையில் தருவார்கள். அதை இரு கைகளிலும் தேய்த்துக்கொள்ள வேண்டும். தீர்த்தம், பிரசாதம் என்று பழகிய கை வாய்க்குப் போய்விடும், அது உண்பதற்கல்ல. பிறகு வணங்கிவிட்டு வட்ட மெத்தையின் முன்பாதியில் அமர்வது. வலப் பாதம் இடத் தொடைமேல் வந்தால் போதும், முழுப் பத்மாசனம் வேண்டியதில்லை. உடலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்து நடுவில் நிறுத்துவார்கள். கைகள் மடியில்: இடக்கைமேல் வலக்கை, கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொட வேண்டும். ஜென் மடங்களில் இது மாறி, வலக்கைமேல் இடக்கை வரும். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். கண் பாதி மூடியிருக்கும். வாய்வழியாக இரண்டொரு முறை மூச்சை நீளமாக வெளியே விட்டு, அதன்பின் மூக்கால் மட்டும். ஒன்றிலிருந்து பத்துவரை மூச்சை எண்ணுவது முதல் படி. வெளிமூச்சில் ‘அ…’ என்று தாழ்ந்த குரலில் நீட்டுவது அடுத்தது. அதற்குப் பிறகே நிலவு. அதை நெஞ்சுக்குள் வாங்கி, அறை அளவு, மலை அளவு, வான் அளவு என்று விரித்து, திரும்ப நெஞ்சளவுக்குச் சுருக்குவது. முடிவில் உள்ளங்கைகளால் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டு எழுவார்கள். விளக்கத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும்.

தவறுவது பெரும்பாலும் ஆசனப் பயிற்சி உள்ளவர்கள்தான். பழக்கத்தில், தொண்டையைச் சற்றே இறுக்கி மூச்சுவிடும் உஜ்ஜாயி ஓசையை எழுப்புகிறார்கள். சிலர் கும்பகம் பிடிக்கிறார்கள். அஜிகனில் மூச்சை அடக்குவது கிடையாது. அடக்கியபடி நிலவை விரிக்க முயன்றால் நெற்றி இறுகித் தலை கனக்கும். விரித்ததைச் சுருக்காமல் மணி அடித்ததும் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். இன்னொன்று, ஓங்காரம். ‘அ’ என்று சொல்லும் இடத்தில் யாராவது ஒருவர் ‘ஓம்’ என்று முழங்குவது கூட வந்தவர்களுக்கும் பயிற்சி தரும் துறவிக்கும் சங்கடம்.

அதிகாலையில் காண வேண்டியது ஹோமம். அவர்கள் வாயில் அது ‘கோமா’. (எள்ளுக்கும் ஜப்பானில் கோமா என்றே பெயர், எழுதும் எழுத்து வேறு. இரவில் தட்டில் வருவது எள், காலையில் எரிவது ஹோமம்.) எல்லாக் கோயில்களிலும் இது தினமும் கிடையாது. எகோஇன் போன்ற சில ஷுகுபோக்களில் தினமும் காலை வழிபாட்டுக்குப் பின் நடக்கிறது. முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் யாகசாலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அடையாளம் தெரியாத பொருள் குறைவு. ஆகுதிக்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு கரண்டிகள். நம் ஸ்ருக்கும் ஸ்ருவமும்தான். சமித்துக்கு ‘பால் மரம்’ என்று பெயர், எண்ணிக்கை 108. ஆல், அரசு, அத்தி என்று நாமும் பால் உள்ள மரங்களையே தேர்கிறோம் அல்லவா? வழக்கமான முறையில் ஐந்து கட்டங்கள். முதல் ஆகுதி கத்தென் என்ற தேவனுக்கு; அவர் நம் அக்கினி. கடைசிக் கட்டம் இந்திரன் முதலான உலகக் காவலர்களுக்கு. நோக்கத்தைப் பொறுத்துக் குண்டத்தின் வடிவமும் மாறும் என்பது அவர்கள் சாத்திரம்: சாந்திக்கு வட்டம், வளத்துக்குச் சதுரம், பகையை அடக்க முக்கோணம். நவகுண்டம் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. மந்திரங்களின் ஒலிதான் கைவிடும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ‘ஓம்’ அங்கே ‘ஒன்’ என்றும், ‘ஹூம்’ ‘உன்’ என்றும், ‘ஸ்வாஹா’ ‘சொவாக்கா’ என்றும் வருவது பிடிபடும்.

ஒற்றுமை மயக்கத்தில் எழுந்துபோய்க் குண்டத்தில் எதையும் போடக்கூடாது. ஆகுதி துறவி ஒருவர் மட்டுமே செய்வது. நம் பங்கு, பெயரும் வேண்டுதலும் எழுதிய மரக்குச்சியை முன்கூட்டிக் கொடுப்பதோடு சரி. கூரைக்குள் எரியும் தீ என்பதால் புகை தேங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் கதவோரமாக உட்காரலாம். சாம்பிராணிப் பொடி இடும் முறை வரும்போது, மூன்று விரலால் எடுத்து, நெற்றிவரை உயர்த்தி, தணலில் இட வேண்டும், மூன்று தடவை. எரியும் ஊதுபத்திச் சுடரை வாயால் ஊதி அணைக்காமல் கையால் விசிற வேண்டும் என்பது இங்கே சொல்லித் தரத் தேவையில்லாத பாடம்.

உட்காருவது செய்சா, அதாவது நம் வஜ்ராசனம். வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்பவர்களும் முப்பது, நாற்பது நிமிட வழிபாட்டில் மரத்துப்போவார்கள். வலியைவிட ஆபத்தானது மரத்த காலோடு எழுவது. பாதம் மடங்கிக் கணுக்கால் சுளுக்கும். எழுமுன் கால்விரல்களை மடக்கி ஊன்றி, குதிகால்மேல் அரை நிமிடம் உட்கார்ந்து, உணர்வு திரும்பியபின் எழுந்தால் போதும். முழங்கால் தொல்லை உள்ளவர்கள் தாழ்ந்த நாற்காலி கேட்கலாம், பல கோயில்களில் தருகிறார்கள்.

தத்தாமிப் பாய் பற்றி. கோரையில் முடைந்த அந்தத் தளத்தின் ஒரு பாய் தோராயமாக 180-க்கு 90 சென்டிமீட்டர். அதன்மேல் செருப்பு மட்டுமல்ல, தாழ்வாரத்தில் போடும் வீட்டுச் செருப்புகூடக் கூடாது. கழிவறைக்கு வேறு செருப்பு உண்டு, அதோடு அறைக்குள் வந்துவிடுவது புதியவர்களின் தீராத குற்றம். நிலைப்படியை மிதிப்பதில்லை. யோகா பாயை அதன்மேல் விரித்தால் வழுக்கும், வியர்வை இறங்கிக் கறை விழும். எண்ணெய் தேய்த்த உடம்போடு படுத்தால் கறை போகவே போகாது. அறைகளைப் பிரிப்பது காகிதமும் துணியும் ஒட்டிய நகரும் கதவுகள், சிலவற்றில் பழைய ஓவியங்கள். அதில் கால்களைத் தூக்கிச் சாய்த்து விபரீதகரணி செய்வது எவ்வளவு விபரீதம் என்று சொல்ல வேண்டாம். ஆசனப் பயிற்சி கட்டாயம் வேண்டுமென்றால் ஒசாகாவிலோ கியோத்தோவிலோ ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சைவர்களுக்கு ஜப்பானிலேயே கவலையற்ற இடம் இந்த மலைதான். கோயில் உணவில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. ரசம் போன்ற அடிநீர், கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் எடுத்தது. மலையிலிருந்து இறங்கியதும் நிலைமை தலைகீழ். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய் வேகவைத்த நீர் என்று எதிலும் கத்சுவோபுஷி இருக்கும். அது நம் மாசிக்கருவாட்டின் நெருங்கிய உறவு. ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் அதை எடுக்க மாட்டார்கள். அடிநீரில் மீன் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சமையல் வகுப்பு வைப்பவர்கள் எள் தோஃபுவைச் சொல்லித் தரலாம். சோயா அதில் கிடையாது. தோல் நீக்கிய வறுக்காத வெள்ளை எள் விழுது 50 கிராம், குட்சு கிழங்கு மாவு 50 கிராம், தண்ணீர் 450 மில்லி. மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, விழுதைச் சேர்த்து வடிகட்டி, நடுத்தரத் தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் சட்டென்று இறுகும். பலரும் அங்கேயே இறக்கிவிடுவதால்தான் மறுநாள் நீர் விட்டு உடைகிறது. தீயைக் குறைத்து மேலும் பத்து நிமிடம் கிளறினால் பளபளப்பும் இழுவையும் வரும். நனைத்த அச்சில் ஊற்றி ஆறவைத்து அன்றே சாப்பிட வேண்டும், குளிர்பெட்டியில் வைத்தால் விறைக்கும். கூவைக்கிழங்கு மாவிலும் செய்யலாம், அந்த இழுவை மட்டும் அவ்வளவாகக் கிட்டாது.

ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிண்டோவின் கோயிலில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிவது வழக்கம். பௌத்தக் கோயிலில் கை தட்டுவதில்லை. கோயாசானின் தஞ்ஜோ காரன் வளாகத்தில் 48 மீட்டர் உயரப் பெரிய ஸ்தூபிக்குச் சற்றுத் தொலைவில் ஷிண்டோ சந்நிதிகளும் இருப்பதால், ஐந்து நிமிட இடைவெளியில் முறை மாறும். வழிகாட்டிகளே தடுமாறும் இடம் இது. ஒகுனோஇன் இடுகாட்டில் இச்சினோஹாஷி பாலத்திலிருந்து கூகாயின் சமாதிவரை சுமார் 2 கிலோமீட்டர். இருபுறமும் சுகி என்ற பழைய ஊசியிலை மரங்களுக்குக் கீழே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். கூகாய் இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் தினமும் காலை 6 மணிக்கும் 10.30-க்கும் அவருக்கு உணவு எடுத்துச்செல்கிறார்கள். கடைசிப் பாலமான கோபியோபாஷியைக் கடந்தபின் படம் எடுப்பதும் உண்பதும் கூடாது. தொப்பியைக் கழற்ற வேண்டும். 6 மணி நிவேதனமும் காலை வழிபாடும் மோதுவதால் ஓர் இரவு தங்குபவர்கள் இரண்டில் ஒன்றை இழப்பார்கள், அல்லது 10.30-ஐப் பார்க்க அஜிகனை விடுவார்கள். இரண்டு இரவு என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

பயண ஏற்பாட்டாளர்கள் கணக்குப் பிழை செய்வது முதல் நாளில். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நன்காய் ரயிலில் கொக்குராகுபாஷிவரை ஒன்றரை மணி நேரம், பிறகு ஐந்து நிமிடம் மலை இழுவை ரயில், அங்கிருந்து பேருந்து. மேல் நிலையத்திலிருந்து ஊர்வரை சாலை பேருந்துக்கு மட்டுமே. நடந்து போக அனுமதியில்லை. பெரிய பெட்டிகளை ஒசாகாவிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு ஏறுவது நல்லது. அறைகளில் பூட்டு இல்லாமலிருக்கலாம். குளியல் பொதுவானது, தொட்டிக்கு வெளியே சோப்பு போட்டுக் கழுவிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். இரவு 9 மணிக்குப் பெரும்பாலும் வாசல் சாத்திவிடுவார்கள். பனிக்காலத்தில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும்.

இரவு உணவு 5.30-லிருந்து 6 மணிக்குள். சென்னையிலிருந்து வரும் குழு பிற்பகலில் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி அன்றே மலையேறுவதாக நிரல் போட்டால், கோயிலை அடையும்போது சமையற்கட்டு ஒழித்தாகியிருக்கும். பணம் கட்டுமுன் வாசகர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மலையில் எத்தனை மணிக்கு இருப்போம் என்பதே. மாலை 5 மணிக்குப் பிறகு என்று பதில் வந்தால், அந்த இரவுக்கு வேறு ஊரில் அறை போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யோக ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.