வடலூருக்கு அரிசி மூட்டை: ஞாயிறு மாலைக்குள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். தைப்பூசத்தை முன்னிட்டு வடலூர் தருமச்சாலைக்கு இந்த ஆண்டும் அரிசியும் காய்கறியும் அனுப்புகிறோம். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் அணையாமல் எரிகிறது. சாலை எழுந்த நிலமே பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து தந்த 80 காணிதான். சாதி, மதம் கேட்காமல் வருவோருக்கெல்லாம் சோறு போடுகிறார்கள்.

புழுங்கலரிசி, துவரம்பருப்பு, புளி, பூசணி, வாழைக்காய் போதும். வண்டு விழுந்த அரிசியைத் தள்ளிவிட இது வழியல்ல. நம் வீட்டில் உண்பதையே கொடுங்கள். தக்காளி வேண்டாம், வழியிலேயே நசுங்கிவிடும். பணமாகத் தருபவர்கள் பொருளாளரிடம் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். லாரியில் கொடையாளர் பெயர்ப் பதாகை கட்டும் யோசனையை நான் ஏற்கவில்லை, கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

மூட்டைகளை ஞாயிறு மாலை 6 மணிக்குள் நூலகத் திண்ணையில் சேர்த்துவிடுங்கள். ஏற்றி இறக்க இளைஞர்கள் நால்வர் தேவை.