சித்தப்பாவுக்கு, பரோசால இருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

படிக்கப் போன பய சாராயக் கடைல நிக்கிறான்னு சித்திகிட்ட சொன்னீங்களாம், தம்பி போன்ல போட்டுக் குடுத்துட்டான். கோவமெல்லாம் இல்ல, ஆனா முழுசா எழுதினாத்தான் உங்களுக்கு விளங்கும்.

இங்க ஆஸ்திரேலியால, அடிலெய்டுல இருந்து கார்ல ஒரு மணி நேரம் போனா பரோசா, கம்பம் மாதிரியே எங்க பாத்தாலும் திராட்சைதான், பந்தல்தான் கிடையாது. சனி ஞாயிறு அங்க ஒரு வைன் கிளப்புக்கு பெட்டி கட்டுறேன். சீட்டாடுற கிளப் இல்ல சித்தப்பா, அந்தப் பக்கத்துல சின்ன அளவுல செய்றவங்களோட சிவப்பு வைனை 12 பாட்டிலா சேத்து மெம்பருங்க வீட்டுக்கு அனுப்புறது. ஒருத்தர் 300 லிட்டர் பீப்பாய் ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருந்தார், 750 மில்லி கணக்குக்கு மொத்தமே 400 பாட்டில், அதுல மூணை முதல் வாரமே நான் கீழ போட்டு உடைச்சேன். தரையெல்லாம் நாவப்பழம் மிதிபட்ட மாதிரி. அவர் ஒண்ணும் சொல்லாம நோட்டுல 397ன்னு திருத்திட்டுப் போயிட்டார், நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துச்சு.

அவர் தோட்டத்துக் கொடியை நீங்க பாக்கணும். இடுப்பு உசரம்தான், அடிமரம் என் தொடத்தண்டி, தேர்வடத்தை முறுக்கிப் போட்ட மாதிரி, பட்டை தொட்டாலே உரிஞ்சு கையோட வருது. காய்ப்பு கம்மி, பழம் சுண்டைக்காய் சைஸ், நீங்க சந்தைக்கே ஏத்த மாட்டீங்க, ஆனா இவங்களுக்கு வேண்டியதே அந்தத் தோல்தான். ஷிராஸ்னு ஒரு கருப்பு திராட்சை ரகம், அதைப் பிழிஞ்சா சாறு வெளுப்பாத்தான் வருது, சிவப்பு மொத்தமும் தோல்ல இருந்து இறங்கணும், அதனால தோலோடவே புளிக்க விட்டு, மேல மிதந்து ஆடை கட்டுறதை தினம் ரெண்டு மூணு தடவை உள்ள அமுக்கி விடுறாங்க. 1843ல நட்ட ஷிராஸ் இங்க இன்னும் காய்க்குது. 125 வயசு தாண்டின கொடிக்கு முன்னோர்னே பேரு, திதி குடுக்காத குறைதான். 1980கள்ல விலை விழுந்தப்ப கவர்மெண்டே காசு குடுத்து பழைய கொடியைப் பிடுங்கச் சொல்லிச்சாம், பிடிவாதமா விட்டு வச்சவங்க கொடிக்குத்தான் இப்ப மவுசு.

ஆங், பார்சல்ல அனுப்புறேன்னு சொன்ன பன்னீர் திராட்சைக் குச்சி வேண்டவே வேண்டாம். பைலாக்ஸெரான்னு வேரை உறிஞ்சுற அசுவினி ஜாதிப் பூச்சி, ஐரோப்பால தோட்டம் தோட்டமா அழிச்சு, அப்புறம் அமெரிக்க வேர்ல ஒட்டுக் கட்டித்தான் அங்க நட முடிஞ்சுது. இந்த மாநிலத்துக்குள்ள அது வரவே இல்ல, 1899லயே சட்டம் போட்டுட்டாங்க, அதான் கெழட்டுக் கொடியெல்லாம் சொந்த வேர்ல நிக்குது. தோட்ட வாசல்லயே உள்ள வராதேன்னு போர்டு. குச்சி வந்தா நான் மாட்டிக்குவேன்.

குடிச்சியாடான்னு கேப்பீங்க. ருசி பாத்தேன், வாய்ல சுழட்டி வாளில துப்பிட்டேன், அங்க எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க, ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதம் வந்துட்டா வண்டி ஓட்டக் கூடாது. முதல்ல மிளகு வாசம், அப்புறம் கொட்டப்பாக்கு மென்ன மாதிரி துவர்ப்பு, இனிப்பே இல்ல. எனக்கு சித்தி போடுற ஜூஸே போதும்.

கிழக்குப் பந்தல் கொடியை வெட்டப் போறதா சொன்னீங்களே, வெட்டுறதுக்கு முன்னாடி அடிமரத்துப் பக்கத்துல உங்க கையை வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அந்த 397காரர் கேட்டுட்டே இருக்கார்.