நிழலைக் காத்துக் கொடுத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

தண்ணீர் புகுந்ததால் மூடியிருந்த எங்கள் மழலையர் வகுப்பு நேற்று மறுபடி திறந்தது. நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. சுவரில் ஈர வாடை இருக்கிறது, ஒரு ஜன்னல் சரியாக மூடுவதில்லை. ஆனாலும் குழந்தைகள் வந்துவிட்டார்கள். பையை வைத்ததும் நேராகப் பருவ மூலைக்குத்தான் ஓடினார்கள்.

முறைப்படி எழுதினால் உதவியவர்கள் எல்லோரையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு.

பருவம் மாறும்போதெல்லாம் வகுப்பில் ஒரு நாள் கொண்டாடுவோம். உதிர்ந்த இலை, விதை, இறகு என்று குழந்தைகள் பொறுக்கி வருவதெல்லாம் பருவ மூலையில் சேரும். இலைக் கிரீடம், பஞ்சு மேகம், காகிதத் தோரணம் எல்லாம் செய்து, பாட்டுப் பாடி, வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அவையெல்லாம் போனதில் வருத்தம்தான், ஆனால் மறுபடி செய்துகொள்ளலாம். செய்ய முடியாதது நிழல் கணக்கு ஒன்றுதான்.

வெள்ளிதோறும் மதிய மணி அடித்ததும் முற்றத்துக்குப் போவோம். அங்கே நட்டிருக்கும் குட்டைக் கம்பியின் நிழலை அடியிலிருந்து நுனி வரை நூலால் அளந்து வெட்டி, தேதிச் சீட்டு கட்டி, சுவரில் வரிசையாக மாட்டுவோம். எண்ணத் தெரியாத குழந்தைக்கும் எந்த நூல் நீளம், எது குட்டை என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது, அதனால்தான் மதியச் சூரியனின் உயரம் வருடம் முழுக்க மாறுகிறது, நிழலும் கூடவே மாறுகிறது என்பதையெல்லாம் நான் சொல்வதில்லை. நாலு வயதில் நூல் மாறுவதைப் பார்த்தால் போதும். பழைய நூல்கள் உயரத்தில் இருந்ததால் தப்பிவிட்டன. ஆனால் விட்டுப்போன வெள்ளிக்கிழமையை யாரும் திரும்ப அளக்க முடியாதே.

கதவைத் திறந்துவிட்ட கையோடு அண்ணன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். “டீச்சர், பிள்ளைங்களோட நூலு” என்றார்.

நாங்கள் வேறு இடத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்த டப்பாவுக்குள் இருந்தன. ஒவ்வொரு நூலிலும் சீட்டு, தேதி, நேரம். மணி அடிக்காத அந்த நாட்களில் கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்திருக்கிறார். கம்பியடியில் படிந்திருந்த சேற்றைப் பழைய தரை தெரியும் வரை சுரண்டிவிட்டுத்தான் அளந்தாராம். கேட்டதற்கு, “சேறு இருந்தா கம்பி குட்டையாயிடும், நிழலும் குறைஞ்சிடுமே” என்றார். நான் அவரிடம் இதை ஒருநாளும் விளக்கியதில்லை. வாரா வாரம் கேட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒரு சீட்டில் மட்டும் நூலே இல்லை. ‘வெயில் இல்லை’ என்று எழுதியிருந்தது. முந்தைய வாரத்து நூலைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஒன்றை வெட்டிப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணா, நீங்கள் அப்படிச் செய்யவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது அந்த வெற்றுச் சீட்டைப் பார்த்துத்தான்.

அதையும் அதற்குரிய ஆணியில் மாட்டினோம். “அன்னைக்கு நிழல் எங்க போச்சு?” என்று ஒரு சின்னவள் கேட்டாள். சரி, திட்டமிட்ட பாடம் அவ்வளவுதான் என்று டார்ச்சை எடுத்தேன். பொம்மைக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக நிழல் விழுந்தது. டார்ச்சுக்கு முன்னால் பெரிய மெல்லிய தாளைப் பிடித்ததும் விளிம்பு கலங்கி, மங்கிப்போனது. “மேகம்தான் அந்தத் தாள்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மேகத்தில் பட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வருவதால் நிழல் தெளிவாக விழாது என்று இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அடுத்த பருவ விழாவில் நிழல் நாடகம் வேண்டும் என்று அவர்களே முடிவும் செய்துவிட்டார்கள்.

இனி மற்றவர்கள். கூடத்தைக் கேட்டதும் திறந்துவிட்டவர்கள், நனைந்த படப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தியவர்கள், குட்டி நாற்காலிகளைத் தேய்த்துக் கழுவிய அப்பாக்கள், களிமண்ணும் வண்ணமும் கொண்டுவந்த அம்மாக்கள், தினமும் சுற்றுவழியில் வேன் ஓட்டிய அண்ணன், தரையை எத்தனை தடவை துடைத்தார் என்றே தெரியாத ஆயாம்மா, பெயர் சொல்லாமல் வாசலில் ஒரு பெட்டி கிரேயான் வைத்துவிட்டுப் போனவர். எல்லோருக்கும் என் நன்றி.

இதற்கிடையே, “இந்த நேரத்தில் கொண்டாட்டம் எதற்கு டீச்சர், விட்டுப்போன எழுத்தை முதலில் முடியுங்களேன்” என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். அவருக்கும் நன்றி; அந்தக் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று தோரணம் கோக்கும் குழந்தை அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கப் பழகுகிறது. ஒரு தலைக்கு ஒரு கிரீடம் என்று எடுத்து வைப்பதில் எண்ணிக்கை இருக்கிறது. காகிதம் கிழித்து, களிமண் உருட்டிப் பலமான விரல்தான் பிறகு பென்சிலைச் சரியாகப் பிடிக்கும். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கிய ஃபிரீட்ரிக் ஃபுரோபெல், முதல் விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தது நூலில் கட்டிய வண்ணக் கம்பளிப் பந்துகள். செடி வளர்க்கவும் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு சின்னப் பாத்தி உண்டு. எழுத்துக்கு முன்னால் கைக்கும் கண்ணுக்கும் வேலை வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. எழுத்தும் நடக்கும், விழாவும் நடக்கும்.

அப்புறம் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் வகுப்பில் என்ன செய்யப்போகிறோம் என்பதை வாட்ச்மேன் அண்ணன், ஆயாம்மா, வேன் அண்ணன் மூவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். இதுவரை பெற்றோருக்கு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நிழல் அளக்கும் நூல்கண்டும் கத்தரியும் இனிமேல் கேட் அறையிலேயே இருக்கும்.

நிழல் நாடகத்துக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியோ போர்வையோ தேவைப்படுகிறது. யாரிடமாவது இருந்தால் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மழலையர் வகுப்பு ஆசிரியை